கழுத்தளவு

பெண்டில் ஹில்லைக் கடைசி ரயில் கடந்த பிறகுதான்
அவர் மூச்சு என் காதுக்கு வரும்.
முதலில் குறட்டை.
பக்கத்து யூனிட் லெபனான்காரர்
சுவரில் தட்டுகிற அளவுக்கு.
அது பரவாயில்லை.
குறட்டை என்றால் ஆள் இருக்கிறார்.

பிறகு அது நிற்கும்.

கூரையில் பொஸம் ஓடுகிறது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை இருமி அடங்குகிறது.
நான் எண்ணத் தொடங்குகிறேன்.
ஒன்பது, பத்து, பதினொன்று…
பதினெட்டில் என் கை அவர் தோளுக்குப் போய்விடும்.
ஒருநாள் இருபத்தாறு வரைக்கும் விட்டுப் பார்த்தேன்.
ஏன் விட்டாய் என்று கேட்காதேங்கோ.
பகலில் சண்டை பிடித்திருந்தோம்.

அடைத்திருந்த சிங்க் திடீரென்று திறந்ததுபோல்
ஒரு இழுவை. மீண்டும் குறட்டை.
அவருக்கு ஒன்றும் தெரியாது.
காலையில் "நல்ல நித்திரை" என்பார்,
தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி
தூங்கி விழுவார்.

வெதரில் பார்க் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் சத்தியசீலன்.
மாசி வெயில், மதியம் இரண்டரை,
ஒரே ஒரு கண்சொருகல்.
நாற்பது பெட்டித் தக்காளி ரின்
மேல்தட்டிலிருந்து இறங்கியது.
கீழே யாரும் நிற்கவில்லை.
அந்த "நிற்கவில்லை"யைத்தான்
அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்,
வாயில் வைக்கவில்லை.

டொக்டர் கேட்டார்: கழுத்து எத்தனை?
நான் வீட்டில் பிளவுஸ் தைப்பவள்.
இந்தத் தெருவின் மார்பளவும் கையளவும் மனப்பாடம்.
பக்கத்தில் படுப்பவரின் கழுத்தை
ஒருநாளும் அளந்ததில்லை.
அன்றிரவு மஞ்சள் நாடாவைச் சுற்றினேன்.
நாற்பத்தேழு சென்ரிமீற்றர்.
"இறுக்காதை," என்றார்.
நான் இறுக்கவில்லை.

அடுத்த முறை டொக்டர் ஒரு படம் கீறிக் காட்டினார்:
தொண்டை, நாக்கு, சுற்றிவரக் கொழுப்பு,
நடுவே ஸ்ட்ரோ மாதிரி ஒரு வழி.
மல்லாந்தால் அந்த வழி மூடும்.
மூடினால் இதயம்
இருட்டில் தனியே ஓடும்.
பிரஷர், சீனி, பக்கவாதம் எல்லாம்
கடைச் சிட்டையில் சாமான்போல
கடதாசி ஓரத்தில் கீழே கீழே.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அறுபத்தொரு கிலோ.
இப்போது நூற்றுப் பதினெட்டு.
இடையில் பதினாறு வருடம், இரட்டை ஷிஃப்ட்,
காரிலேயே கொறித்து முடித்த சிப்ஸ்,
இரவு பதினொன்றுக்குச் சூடாக்கி வைத்த புட்டு,
"இன்னும் கொஞ்சம்" என்று போன என் அகப்பை.
ஹோம்புஷ்ஷில் ஒரு கல்யாண மண்டபத்தில்
சனம் சொன்னது,
"மனுசனை நல்லாய் வைச்சிருக்கிறாய்."
வெட்கப்பட்டுச் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பையும் இப்போது
தராசில் ஏற்றிப் பார்க்கிறேன்.

தலைமாட்டில் மெஷின் வந்திருக்கிறது.
முகமூடி, குழாய், விடாமல் ஊதும் காற்று.
முதல் இரவு மகள் ஆர்த்திகா எட்டிப் பார்த்து
"அப்பா சுழியோடி!" என்றாள்.
சரிதான்.
இவ்வளவு காலம் கழுத்தளவில் நின்ற மனுசன்
இப்போது இறங்கிப்போய்
விடியத் திரும்பி வருகிறார்.

ஞாயிறுகளில் ஓடைக்கரை வழியே நடக்கிறோம்.
முதலாவது பாலத்தில் அவருக்கு மூச்சு வாங்கும்.
கம்பியைப் பிடித்து, தண்ணீரில்
ஏதோ பார்ப்பவர்போல் நிற்பார்.
நான் குனிந்து
அவிழாத சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவேன்.
ஐந்து மாதத்தில் நாலு கிலோ போனது.
ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையோடு
ஒன்று திரும்பி வந்தது.
போகட்டும், அதோடும் நடப்போம்.

வீடு இப்போது அமைதி.
எனக்குத்தான் நித்திரை இல்லை.
நிற்காத மூச்சை எங்கிருந்து எண்ணுவது?
பழக்கத்தில் ஒன்பது, பத்து என்று போகிறேன்.

நேற்று முப்பத்தொன்று வரை நினைவிருக்கிறது.
இரவு முழுக்கக் கூரையில் பொஸம் ஓடியதாம்,
மகள் சொன்னாள்.
எனக்குக் கேட்கவில்லை.